நாலரைக்குள் வந்துவிடணும்: மூன்று கப்பல் பயணத்துக்குப் பிறகு

போன வாரம் கல்லூரித் தோழி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படத்தை அனுப்பினாள். ஏழு இரவு, மத்தியதரைக் கடல், ஜன்னல் இல்லாத அறை, போன வருட விலையில் கிட்டத்தட்ட பாதி. "நீதான் மூணு தடவை போனவளாச்சே. போகலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுடி" என்று கேட்டிருந்தாள். ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியும் பாதிதான் முடிந்தது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அறை எவ்வளவு பெரிது, பஃபேயில் சைவம் கிடைக்குமா என்பதற்கெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடைக்கும், மூன்றாம் நாள் சலிக்கும், அவ்வளவுதான். நான் சொல்லப்போவது கப்பல் கரையில் நிற்கும் நாளைப் பற்றி. ஏழு நாளில் ஐந்து நாள் அப்படித்தான் போகிறது. நாம் காசு கட்டுவதும் அந்த ஐந்து நாளுக்காகத்தான்.

முதல் பயணம் 2016-இல். அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருந்தது. கப்பல் நின்ற இடம் சிவிட்டாவெக்கியா. ரோமாபுரிப் பேரரசர் டிராஜன் காலத்தில் கட்டிய பழைய துறைமுகம், ரோமிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். துறைமுகத்துக்குள் ஒரு பஸ், வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு நடை, அப்புறம் ரயில். போக வர நேரம் கழித்தால் கையில் மிஞ்சியது ஐந்து மணி நேரம். கொலோசியத்தை வெளியே நின்று பார்த்தோம். வத்திக்கானில் வரிசையைப் பார்த்தோம். மதியச் சாப்பாடு ரயிலில், காய்ந்த ரொட்டி. அன்று என் கணவர் எடுத்த படங்களில் பாதியில் நான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்படி ஓடியும் கப்பலுக்குத் திரும்பியபோது இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சிவிட்டாவெக்கியாவிலேயே கப்பல் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பழைய கோட்டை இருக்கிறது, மைக்கேலாஞ்சலோ பெயரில். அதைப் போகும்போதும் வரும்போதும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

இரண்டாவது 2019, கிரேக்கப் பக்கம். சாண்டோரினியில் பெரிய கப்பல் கட்ட மேடை கிடையாது. கடலில் நிறுத்தி, டோக்கன் கொடுத்து, சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள். கீழிருந்து ஊருக்குப் போக கேபிள் கார், இல்லையென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் படி, அதுவும் கழுதைச் சாணத்துக்கு நடுவே. சூரியன் மறைவதைப் பார்க்க உலகமே வரும் ஊர் அது. சூரியன் மறைந்த நேரத்தில் நான் இறங்குகிற வரிசையில், முன்னால் நின்றவரின் பூப்போட்ட சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் ஊரும் இல்லை, கூட்டமும் இல்லை, அந்த ஒரு நேரம்தான். தினமும் ராத்திரி கதவுக்கடியில் ஒரு தாளைச் செருகுவார்கள் (இப்போது செயலியில் வருகிறது). மறுநாள் நிகழ்ச்சி எல்லாம் சின்ன எழுத்தில், 'அனைவரும் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம்' மட்டும் கொட்டை எழுத்தில். கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முன்னால். ஐந்துக்குப் புறப்பாடு என்றால் நாலரை. நாலரைக்கு வர வேண்டுமென்றால் நம் மாதிரி ஆட்கள் மூன்றரைக்கே திரும்ப ஆரம்பித்துவிடுவோம். அப்போ ஊர் பார்க்கும் நாள் மூன்றரையோடு முடிந்தது.

சரி, ஒழுங்கு வேண்டும்தான், ஆயிரக்கணக்கானவர்கள் ஏறும் கப்பல். என் எரிச்சல் அதை வைத்து அவர்கள் வியாபாரம் பண்ணுவதில். சுற்றுலா விற்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் சிரித்த முகத்தோடு சொல்வார்: எங்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போய்த் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் வந்து சேர வேண்டியதுதான். அதற்குத்தான் அந்தப் பஸ்ஸுக்கு அந்த விலை. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு இதில் கூடுதல் வயிற்றுக் கலக்கம் வேறு. எங்கள் பாஸ்போர்ட்டை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள், கையில் ஜெராக்ஸ்தான். கடைசி நிமிடத்தில் கரையில் ஓடிவருகிறவர்களை மேல்தளத்தில் நின்று கைதட்டிச் சிரிக்க ஒரு கூட்டம் தினமும் கூடும். நானும் ஒருநாள் தட்டினேன். மறுநாள் நேப்பிள்ஸில் ஓடிவந்தது நாங்கள்.

மூன்றாவது பயணம் 2023 நவம்பரில். இந்தத் தடவை அத்தையும் வந்தார்கள், எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் தகராறு. நாங்கள் குடியிருக்கும் துபாயிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டோம்: எந்த ஊராக இருந்தாலும் கப்பலிலிருந்து நடந்து போகிற தூரம்தான், பஸ்ஸும் ரயிலும் வேண்டாம். அந்த முடிவு மற்ற ஊர்களில் சுமாராகத்தான் போனது. மால்டாவில் பலித்தது.

மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் கப்பல் ஊருக்குக் கீழேயே வந்து நிற்கிறது. 1565-இல் துருக்கியர் முற்றுகை முறிந்த மறுவருடம், அப்போது மால்டாவை ஆண்ட மாவீரர் சபையின் தலைவர் வலெட் அடிக்கல் நாட்டிய நகரம், அவர் பெயரிலேயே. விடியற்காலையில் கப்பல் உள்ளே நுழையும்போது இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர், பனைவெல்ல நிறத்தில். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கம். ஒன்பது மணிக்கு எல்லோரும் இறங்குகிற வரிசையில் முட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தோம். பத்தேகாலுக்கு இறங்கினோம். வாசலில் ஒரு ஆள் கூட இல்லை.

கரையோரம் வரிசையாகப் பழைய சரக்குக் கிடங்குகள், பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கதவுகளுக்குத் தனித்தனி நிறம்: மீனுக்கு நீலம், காய்கனிக்குப் பச்சை, கோதுமைக்கு மஞ்சள், ஒயினுக்குச் சிவப்பு. அத்தை ஒவ்வொரு கதவாக நின்று, "அரிசிக்கு எது?" என்று கேட்டார்கள். அங்கிருந்து மெதுவாக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் லிஃப்ட். 58 மீட்டர் உயரம், 2012-இல் திறந்தது, அடியிலிருந்து கோட்டை மேலே உள்ள பரக்கா பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடும். நாங்கள் போனபோது ஆளுக்கு ஒரு யூரோ, இறங்கக் காசு இல்லை. முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் அந்த லிஃப்டுக்குக் கோவில் கட்டலாம்.

பூங்காவுக்கு அடியில் பீரங்கி மேடை. பன்னிரண்டு மணிக்கு ஒரு வெடி, நாலு மணிக்கு ஒரு வெடி. பழைய பிரிட்டிஷ் காலத்துச் சிப்பாய் உடையில் ஆட்கள் வந்து, குழாயைத் துடைத்து, மருந்தை இட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சத்தம் நெஞ்சில் இடித்தது. புறாக்கள் மொத்தமாக எழும்பின. புகை கலைந்ததும் கீழே எங்கள் கப்பல் தெரிந்தது. மேலிருந்து பார்க்க, யாரோ ஒரு அபார்ட்மென்டைத் தண்ணீரில் இறக்கி வைத்து மறந்துபோன மாதிரி இருந்தது.

ஒரு ஒப்புதல். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புனித யோவான் தேவாலயம், அதற்குள் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த பெரிய ஓவியம், அவர் கையெழுத்துப் போட்ட ஒரே படம். நாங்கள் உள்ளே போகவில்லை. வாசலில் வரிசை இருந்தது, அத்தைக்குப் பசி. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பசிக்குக் கிடைத்ததுதான் அந்தப் பயணத்திலேயே நல்ல விஷயம். சந்துக்குள் ஒரு சின்னக் கடை, நிற்க மட்டும் இடம். பஸ்டிட்ஸி என்று அடுக்கடுக்கான மாவில் சுட்ட பண்டம், உள்ளங்கை அளவு, நடுவில் புடைத்து இரண்டு முனையும் கூராக இருக்கும். ஒன்றில் ரிகோட்டா பாலாடைக்கட்டி, இன்னொன்றில் பட்டாணி மசியல். அப்போது ஒன்று ஒரு யூரோ கூட இல்லை. பழைய முறைப்படி மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்; நாங்கள் கேட்ட கடையில் மார்ஜரின் என்றார்கள். பட்டாணியை வாயில் வைத்ததும் அத்தை என்னைப் பார்த்தார்கள். "ஏம்மா, இதுல மசாலா போட்டிருக்கான்." உண்மைதான், கறிப்பொடி போடுவது அங்கே வழக்கம். பிரித்தால் மேலோடு தூள்தூளாக உதிர்ந்து புடவை முழுக்க ஒட்டியது, உள்ளே ஆவி. நம் பேக்கரி வெஜ் பப்ஸுக்கு அண்ணன். கூடவே கண்ணாடி டம்ளரில் டிகாஷன் கனத்த பால் டீ. அதுவும் அந்த ஊர்ப் பழக்கம்தானாம். ஐந்து நாளாகக் கப்பலில் வெந்நீரில் பையை முக்கி முக்கி வெறுத்துப்போயிருந்த அத்தை இரண்டு டம்ளர் குடித்தார்கள்.

இரண்டு என்று என் கணவர் விரலைக் காட்டியதும், கடைக்காரம்மா உள்ளே பார்த்து "த்னெய்ன்" என்று குரல் கொடுத்தார். துபாயில் பதினோரு வருடம் இருக்கும் எங்களுக்கு அது புரிந்துவிட்டது. மால்டா மொழியின் வேர் அரபி, எழுத்து மட்டும் ரோமன். கடலுக்கும் அங்கே பஹர்தான். இவருக்கு அப்புறம் ஒரே பெருமை. கடைப்பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார், பாதி தப்பு.

லிஃப்டில் இறங்கி, கரையில் டைசா என்கிற மரப்படகு. இரண்டு முனையும் மேலே தூக்கி இருக்கும், வண்ணம் பளிச்சென்று. நாங்கள் போனபோது ஆளுக்கு இரண்டு யூரோ, எதிர்க்கரையில் பிர்கு என்கிற பழைய ஊரில் படகுக்காரர் விட்டார். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தபோதுதான் எங்கள் கப்பலின் நங்கூரத்துக்குக் கீழே நீளமாகத் துருக் கறை ஒழுகியிருப்பது தெரிந்தது. விளம்பரப் படத்தில் இது வராது. பிர்குவில் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு கல் பெஞ்சு, எதிரே படகுகள், தலைக்கு மேலே மரச்சட்டம் போட்டு மூடிய பால்கனியில் உலரும் துணி. எங்கோ பூண்டு வதங்கும் வாசனை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை.

மூன்று இருபதுக்கு இவர் கடிகாரத்தைப் பார்த்தார். கப்பல் எங்கே இருக்கிறது? கண் முன்னால், அக்கரையில், மலை மாதிரி. படகில் பத்து நிமிடம். ஆனாலும் "கிளம்பலாமே" என்றார், நானும் எழுந்துவிட்டேன். கைபேசியில் ஊர் நேரமா கப்பல் நேரமா என்று வழியில் மூன்று தடவை கேட்டார். மூன்று பயணத்தில் எங்களை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

கப்பல் வாசலில் ஸ்கேன் மெஷின். ராத்திரிக்கு என்று வாங்கிய நான்கு பஸ்டிட்ஸி பையில். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாதாம், காவலர் பலகையைக் காட்டினார். குப்பைத் தொட்டியும் அங்கேயே இருந்தது. அத்தை பொட்டலத்தை வாங்கி, ஓரமாக நின்று, நிதானமாக இரண்டைச் சாப்பிட்டார்கள். ஒன்றை அந்தக் காவலரிடம் நீட்டினார்கள்; பாவம், அவர் சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டினார். மீதியை நாங்கள் முடித்தோம். அப்போதுதான் மேலே நாலு மணி பீரங்கி வெடித்தது. நாலரைக்கு இன்னும் அரை மணி.

ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. நவம்பர், சூரியன் அப்போதுதான் விழுகிறது. ஊரில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது, கரையோரக் கடைகளில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள், பூங்காவில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான். மூன்று பயணம், பதினாலு துறைமுகம், ஒரு ஊரில் கூட நாங்கள் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. ஊர் சாவகாசமாக உட்காரும் நேரத்தில் நம்மை ஏற்றிக்கொண்டு போய், ஐந்தாம் தளத்தில் பிங்கோ ஆட வைக்கிறார்கள்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். அத்தையை விமானம், ஹோட்டல், டாக்ஸி என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போயிருக்க முடியாது. பெட்டியை ஒரே தடவை பிரித்தோம். தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே புது ஊர் வந்து நின்றது. அந்தப் பெஞ்சைப் பற்றி அத்தை இன்றும் பேசுகிறார்கள்.

ஆனாலும் தோழிக்கு நான் அனுப்பிய பதில்: வேண்டாம். அந்தக் காசில் மால்டாவுக்கு விமானம் ஏறு, மூன்று ராத்திரி தங்கு, கையில் கடிகாரம் கட்டாதே.

நேற்று அவள் பதிலுக்கு முழு அட்டவணையையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். விலை இருக்கட்டும். மால்டாவுக்கு எதிரே புறப்பாடு 23.00 என்று போட்டிருக்கிறது. அத்தையின் பாஸ்போர்ட் எந்த மாதம் முடிகிறது என்று காலையிலிருந்து அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.