கடல் திராட்சைக் கன்று: ஆணா பெண்ணா என்று கேட்காமல் வாங்கிய கதை

எங்கள் வீடு முட்டத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். ஆனி ஆடியில் அடிக்கிற உப்புக்காற்றில் செம்பருத்தி கருகும், குரோட்டன்ஸ் கருகும், மாங்கன்று மூன்று வைத்து மூன்றும் போச்சு. வெறுத்துப்போய்த் தக்கலை பக்கம் ஒரு நர்சரியில் போய் நின்றபோது அங்கிருந்த அண்ணன் காட்டியதுதான் கடல் திராட்சை. “உப்புக்காற்று இதை ஒண்ணும் செய்யாது, கொத்துக் கொத்தா பழமும் கிடைக்கும்” என்றார். கன்று 350 ரூபாய். இது 2017இல்.

முதல் பாதி நூற்றுக்கு நூறு உண்மை. கரீபியன் கடற்கரை மணலில் வளர்கிற மரம் இது, நம்ம ஊர் மணலும் காற்றும் அதற்குப் புதிதில்லை. முதல் வருஷம் மட்டும் வாரம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை. இப்போது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் வரை வந்துவிட்டது, அதன் மறைவில் செம்பருத்திகூடப் பிழைத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கடற்கரை மணலைப் பிடித்து வைக்கிறது என்று இந்த மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாதென்று சட்டமே இருக்கிறது.

இலைதான் அழகு. சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, தோல் போலத் தடிப்பாக, நடு நரம்பு சிவப்பாக இருக்கும். ஈர்க்குச்சியால் கீறினால் எழுத்து அப்படியே நிற்கும் (என் மகள் வீட்டுப்பாடத்தைத் தவிர எல்லாவற்றையும் அதில் எழுதுகிறாள்). இலைக்காம்பு தண்டில் சேர்கிற இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள், கணுவைச் சுற்றி ஒரு மெல்லிய உறை பிடித்திருக்கும். வாய்க்காலோரம் நிற்கிற ஆற்றலரியிலும் இதே உறை உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753இல் கடல் திராட்சையையும் ஆற்றலரி வகையின் பெயரான பாலிகோனம் என்றே எழுதி, 1759இல்தான் கோக்கோலோபா என்று மாற்றினார்.

சரி, பழத்துக்கு வருகிறேன். ஆறாவது வருஷம் பூத்தது. வெள்ளையாக, ஒரு சாண் நீளக் கதிர், நல்ல வாசனை, காலையில் எட்டு மணிக்கே தேனீ மொய்த்துக் கிடக்கும். நானும் தினமும் போய்ப் பார்ப்பேன். பூவெல்லாம் பொலபொலவென்று கொட்டி வெறும் காம்புதான் மிச்சம். அடுத்த வருஷமும் அதே கதை. அப்புறம் தேடிப் படித்தால், பனை மாதிரி இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு! விதையில் முளைத்த கன்று பூக்கிற வரை யாருக்கும் தெரியாது. என்னுடையது ஆண்.

கோபத்தோடுதான் நர்சரிக்குப் போனேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, “சாருக்கு நெழலு வந்துதா இல்லியா?” என்றார். அந்தக் கேள்விக்கு, நர்சரிக்கு நான் தருகிற மதிப்பெண்ணில் ஒரு ஸ்டார் குறைக்கிறேன். பழம் என்று சொல்லி விற்கிறவர் இதையும் சொல்லியிருக்க வேண்டாமா? ஆனால் காய்க்கிற மரத்தில் பதியன் போட்ட கன்று ஒன்று பின்பக்கம் வைத்திருந்தார், 600 சொன்னதை 400க்குத் தந்தார். பதியன் என்றால் தாய் மரம் பெண்ணாக இருந்தால் கன்றும் பெண்தான். பக்கத்தில் ஆண் மரம் ஒன்று வேண்டும், அது என்னிடம் ஏற்கெனவே நிற்கிறதே.

செடிகளின் தரத்தில் குறையில்லை, வேர் கட்டியாக இருந்தது, பூச்சி இல்லை. விலை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஞாயிறு மதியத்துக்கு மேல் போகாதீர்கள், பூட்டியிருக்கும். ஐந்துக்கு மூன்றரை.

இன்னொன்று, தினமும் முற்றம் பெருக்குகிறவர்கள் வாசலில் வைக்க வேண்டாம். பழுத்து விழுகிற இலை லேசில் மக்காது, காற்றடித்தால் ராத்திரி முழுக்கத் தரையில் தட்டு உருட்டுகிற சத்தம்.