மாவு நிறுக்கும் தராசில் சின்சில்லா குட்டி

மீட்டு வந்த சின்சில்லா (அணில் அளவில், அடர்ந்த ரோமமுள்ள கொறிக்கும் பிராணி) ஒன்பதாம் நாளே இரண்டு குட்டி போட்டுவிட்டாள், சினையாக இருந்ததே எங்களுக்குத் தெரியாது, இத்தனைக்கும் 111 நாள் சுமக்கிற பிராணி. கைகொடுத்தது, மாவு நிறுக்க வாங்கிய இந்த டிஜிட்டல் தராசுதான்.

பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாக வரும் குட்டிகள் ஒரு நொடி அடங்காது, அதனால் கிண்ணத்தில் துணி விரித்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்தேன். சின்னவள் 41 கிராம். மூன்றாம் நாள் 39! வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் மருத்துவர் சொன்ன பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்ததும் ஏறத் தொடங்கியது.

குறை ஒன்றுதான்: ஒரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், குட்டி கிண்ணத்தை விட்டுத் தாவுவதற்குள் மறுபடி முதலிலிருந்து. ஒரு கிராம் துல்லியம் தாராளம். நாலு நட்சத்திரம்.