கைப்பிடிக்கும் ஒரு மோட்டாரா? ஹைப்ரிட்டும் சொகுசு எலெக்ட்ரிக்கும் ஓட்டிய அனுபவம்

எலெக்ட்ரிக் செடானின் பின்கதவுக் கைப்பிடியை மறுபடியும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "கட்டுப்படியாகிற ஹைப்ரிட் எடுக்கலாமா, இல்லை கொஞ்சம் சிரமப்பட்டாவது சொகுசு எலெக்ட்ரிக்கே எடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட், மின்சாரத்தில் மட்டுமே ஓடுகிற செடான் என்று வீட்டில் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டுகிறேன்.

முதலில் எலெக்ட்ரிக்குக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதில் அதற்கு ஈடே இல்லை. லாரியைத் தாண்டும்போது காலை அழுத்திய கணமே வண்டி பாய்ந்துவிடும். கியர் மாறும் வெட்டு இல்லை, இரைச்சல் இல்லை. நெடுந்தூரம் போய் இறங்கினாலும் உடம்பில் அலுப்பு தெரியாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவிடுவதால் பிரேக் பேடும் அவ்வளவாகத் தேய்வதில்லை. மோட்டாரும் பெரிய பேட்டரியும் இன்றுவரை ஒரு தொல்லையும் தந்ததில்லை.

தொல்லை தருவதெல்லாம் மின்சாரத்தில் ஓடுவதற்குச் சம்பந்தமே இல்லாத சாமான்கள். அதில் முதல் இடம் இந்தக் கைப்பிடிக்கு. கதவோடு சமமாகப் பதிந்திருக்கும், சாவியோடு கிட்டே போனால் வெளியே நீளும். 2012-ல் டெஸ்லா மாடல் எஸ் வந்தபின் பரவிய பாணி இது. (என்னுடையது வேறு கம்பெனி வண்டி.) காற்றின் எதிர்ப்பைக் குறைக்கத்தான் இப்படி வைக்கிறார்கள். ஆனால் அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. நெடுஞ்சாலையில் துளி லாபம் இருக்கலாம், நெரிசலில் ஊர்ந்து போகிறவனுக்கு என்ன லாபம்? அந்தத் துளிக்காக ஒவ்வொரு கதவிலும் ஒரு குட்டி மோட்டார், பல்சக்கரம், சுவிட்ச், ஒயர். எனக்கு உடைந்தது பல்சக்கரம். கதவுக்குள் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், கைப்பிடி மட்டும் அசையாது. வயதானவர்கள் மழையில் நனைந்துகொண்டு நிற்பார்கள், நான் உள்ளிருந்து எக்கிக் கதவைத் திறந்துவிடுவேன். அந்தப் பல்சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்காது, உள்பக்க டிரிம்மைக் கழற்றி முழு செட்டையும்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

அப்புறம் 12 வோல்ட் பேட்டரி. தரைக்கடியில் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும், அதை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின் சுவிட்சுகளை, இயக்குவது இந்தச் சின்னதுதான். இது படுத்துவிட்டால் பெரியதில் சார்ஜ் நிறைந்திருந்தும் வண்டி எழாது. என் வண்டியில் கைப்பிடியும் நீளாது. ஹைப்ரிட்டிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு, அதுவும் ஒருமுறை படுத்தது. ரிமோட்டுக்குள் இருந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, கையடக்க பூஸ்டரை மாட்டியதும் கிளம்பிவிட்டது. இன்ஜினைச் சுற்றத் தனி ஸ்டார்ட்டர் அதில் கிடையாது. கம்ப்யூட்டர்கள் விழித்தால் போதும், மிச்சத்தை ஹைப்ரிட் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

அந்த ஹைப்ரிட்டின் அடிப்படை ஏற்பாடு 1997-ல் வந்த முதல் டொயோட்டா பிரியஸில் இருந்ததுதான். ஒரு இன்ஜின், இரண்டு மோட்டார்கள், மூன்றையும் சேர்த்துவைக்கும் ஒரு பல்சக்கரத் தொகுதி. கிளட்ச் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. நின்று நின்று போகிற சாலையில்தான் இதன் அருமை தெரியும். பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மின்சாரம் திரும்ப வரும், சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போனால் அந்த லாபம் சுருங்கிவிடும். மேடு ஏறும்போது இன்ஜின் அலறும் அலறல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, வண்டி நகர்வதைவிடச் சத்தம் முன்னால் போகும். பின்சீட் ஓரத்தில் பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் திறப்பு இருக்கிறது. அதைப் பை வைத்து அடைக்காமல், ஃபில்டரைத் தூசு தட்டி வந்தாலே போதும். சாதாரணக் கைப்பிடி, இழுத்தால் திறக்கும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஹைப்ரிட் எடுங்கள். எலெக்ட்ரிக்கைப் புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன், அதை விற்கப் போவதும் இல்லை. ஆனால் வீட்டு மனிதர்கள் கதவு திறக்காமல் வெளியே நிற்பதை இன்னொரு குடும்பத்துக்குச் சிபாரிசு செய்ய இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. எலெக்ட்ரிக்தான் வேண்டும் என்றால், சொந்த இடத்தில் சார்ஜ் போட வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், சாதாரணக் கைப்பிடி வைத்த எளிய மாடல்களைத் தேடுங்கள். இல்லை, சொகுசு செடானேதான் என்றால், டெஸ்ட் டிரைவுக்கு முன் நான்கு கதவுகளையும் கையில் பையோடு திறந்து பாருங்கள். 12 வோல்ட் போய்விட்டால் எந்த வழியாக உள்ளே போவது என்று விற்பவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.