கண்ணுக்கு ஒரு நாவல், காதுக்கு ஒரு நாவல்

இந்த மாதம் நாவல்களைக் கொஞ்சம் அச்சிலும் கொஞ்சம் ஒலிப்புத்தகமாகவும் முடித்தேன். இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த நாவலுக்கு எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். வட்டார வழக்கு, நையாண்டி, வாய்ச்சண்டை நிறைந்த குடும்பக் கதை என்றால் காது. மூன்று தலைமுறை, ஏகப்பட்ட பாத்திரங்கள், முன்னும் பின்னும் தாவும் காலம் என்றால் புத்தகம்தான். துப்பறியும் கதையில் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது.

‘கேட்பதெல்லாம் வாசிப்பாகுமா?’ என்ற பழைய வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதைகளைச் சிலரைப் படிக்கவும் கேட்கவும் வைத்து மூளையைப் படமெடுத்திருந்தார்கள். சொற்களின் பொருளுக்கு மூளை காட்டிய எதிர்வினை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனக்கு அது போதும்.

வித்தியாசம் திரும்பிப் பார்ப்பதில் இருக்கிறது. படிக்கும்போது கண் நேராக முன்னே போய்க்கொண்டே இருப்பதில்லை. அதன் தாவல்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை பின்னோக்கியவை. நமக்கே தெரியாமல் முந்தைய சொல்லை ஒருமுறை தொட்டுவிட்டு வருகிறோம். காதுக்கு அந்தச் சலுகை கிடையாது. சில நொடிகள் பின்னே தள்ளும் பொத்தான் செயலியில் இருக்கிறதுதான். கை ஈரமாக இருக்கும்போது அதை யார் அழுத்துவது? ‘சின்னவர் உள்ளே வந்தார்’ என்கிறார் வாசிப்பவர். எந்தச் சின்னவர், அண்ணன் மகனா, சம்பந்தியின் தம்பியா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் பாகப்பிரிவினை பேசிவிட்டுக் கிளம்பியே போய்விடுகிறார். புத்தகமாக இருந்தால் இந்தப் பக்கத்தில் ஒரு விரலைச் செருகிவிட்டு முந்தைய பக்கங்களைப் புரட்டியிருப்பேன்.

தமிழ் நாவல்களைக் கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மில் பலர் கதையை எழுத்து நடையிலும் உரையாடலைப் பேச்சு நடையிலும் எழுதுகிறவர்கள். அச்சில் அது உறுத்துவதே இல்லை. வாசிப்பவரோ ‘அவள் எழுந்து சென்றாள்’ என்று செய்தி வாசிக்கும் தொனியில் சொன்ன மறுகணமே ‘ஏன்டி, எங்க கெளம்பிட்ட?’ என்று அடுக்களைக் குரலுக்கு இறங்க வேண்டும். நல்ல வாசிப்பாளர் இறங்கியதே தெரியாது. அப்புறம் இந்த ‘என்றான்’, ‘என்றாள்’. கண் இவற்றைச் சட்டை செய்வதே கிடையாது. காது ஒன்றைக்கூட விடாது. கணவனும் மனைவியும் பத்து வரி வாக்குவாதம் செய்தால் பத்து ‘என்றான் – என்றாள்’ தாளம் போடுகின்றன. கைதேர்ந்தவர்கள் குரலைத் தாழ்த்தி அதை விழுங்கிவிடுகிறார்கள். ஒரு ஒலிப்புத்தகத்தைத் தொடரலாமா வேண்டாமா என்பதை இப்போதெல்லாம் இதை வைத்தே முடிவு செய்கிறேன்.

வட்டார வழக்கில் மட்டும் அச்சு தோற்றுப்போகிறது. இரண்டு முறை படித்தும் பிடிபடாத வரி, அந்த வழக்கிலேயே வளர்ந்த ஒருவர் சொல்லக் கேட்டதும் பளிச்சென்று விளங்கியது. வேறு வழக்குக்காரர் பாவனை செய்தால் கதை கந்தல். பின்னணி இசையும் கதவுச் சத்தமுமாக வரும் நாடகப் பாணிப் பதிவுகள் எனக்கு ஒத்துவரவில்லை. இயந்திரக் குரலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நேரக் கணக்கில் புத்தகம் முந்துகிறது. ஆங்கிலத்தில் எடுத்த அளவீடுகளின்படி மனத்துக்குள் படிப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 240 சொற்களைக் கடக்கிறார். ஒலிப்புத்தகம் 150 சொற்களை ஒட்டி நகர்கிறது. லட்சம் சொல் நாவல் ஒன்றைப் படிக்க ஏழு மணி நேரம் என்றால் கேட்கப் பதினொன்று. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் ஈடுகட்டலாம். ஆனால் வாசிப்பவர் வேண்டுமென்றே விட்ட மௌனங்களும் அதோடு சுருங்கிவிடும். சாவு வீட்டுக் காட்சி ஏலம் விடுவதுபோல ஆகிவிடும்.

துப்பறியும் கதைக்கு வருகிறேன். தடயங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும், எனவே அச்சுதான் என்று நினைத்திருந்தேன். அச்சில் கட்டைவிரலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒருவனைக் கைது செய்யும்போது விரலுக்கடியில் இன்னும் கனமாகப் பக்கங்கள் இருந்தால், இவன் கொலைகாரன் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. பக்கத்தின் அடிக்குக் கண் ஓடி முடிச்சை அவிழ்ப்பதும் உண்டு. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டால் இரண்டுக்கும் வழியில்லை. 1935இல் பிரிட்டனில் பார்வையற்றோருக்காகப் பேசும் புத்தகங்களை இசைத்தட்டில் கொண்டுவந்தபோது முதல் தொகுதியிலேயே அகாதா கிறிஸ்டியின் நாவல் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். தேர்ந்தெடுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மோசமான நாவல்களை என்ன செய்வது? அச்சில் ஐம்பதாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவேன். ஒலியில் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதால் நிறுத்தத் தோன்றுவதில்லை. இந்த மாதம் நான் கடைசிவரை கேட்ட ஒரு காதல் கதையை அச்சில் எவரும் என்னைப் படிக்கவைத்திருக்க முடியாது. நாயகன் பெயர்கூட இப்போது நினைவில்லை. துவைத்த துணியெல்லாம் மடித்தாகிவிட்டது.