அம்மாவும் அப்பாவும் ஒன்றல்ல: மைஎஸ்கியூஎல்லில் ஜப்பானிய எழுத்துகளோடு 12 ஆண்டுகள்

ஒசாகாவில் தேயிலையும் ஊறுகாயும் அஞ்சல்வழி விற்கும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவுத்தளத்தை 2013 முதல் பராமரித்து வருகிறேன். கையில் எடுத்தபோது இருந்தது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.5 பதிப்பு. பிறகு 5.7, 8.0 என்று ஏறி, சென்ற ஆண்டு 8.4-க்கு வந்தோம். ஜப்பானிய எழுத்துகளை இதில் வைத்துப் புழங்குவது எப்படி இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். எழுத்துகளைச் சேமிப்பது இன்று எளிது. இரண்டு சொற்கள் ஒன்றா வேறா என்ற தீர்ப்பை மட்டும் தரவுத்தளத்தின் இயல்பமைப்பிடம் விட்டுவிடாதீர்கள். அந்தத் தீர்ப்பில் மாட்டிக்கொள்பவை மனிதர்களின் பெயர்கள்.

முதல் ஆண்டிலேயே இது எனக்கு உறைத்துவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியாக இருக்கிறது, ஆனால் பெயர் இல்லை, இது எனக்குத்தானா என்று கேட்டார். சீட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சாமா’ என்ற மரியாதை ஒட்டு மட்டும் அச்சாகியிருந்தது. அவருடைய குடும்பப் பெயர் யோஷிடா. அந்த ‘யோஷி’க்கு இரண்டு வடிவங்கள் உண்டு. வழக்கமான வடிவில் மேல்கோடு நீளம், கீழ்க்கோடு குட்டை. இவர் குடும்பத்தில் எழுதுவது கீழ்க்கோடு நீளமான வடிவம். மேற்பாதி ‘மண்’ என்ற எழுத்தைப் போல இருப்பதால் அதை ‘ட்சுச்சி யோஷி’, அதாவது மண் யோஷி என்கிறார்கள். ஜப்பானுக்கு வந்தவர்கள் இந்த எழுத்தைப் பார்த்திருப்பார்கள். யோஷினோயா சோற்றுக்கடைகளின் பெயர்ப்பலகையில் இருப்பது இதுதான்.

உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யுனிகோடில் இந்த எழுத்து முதல் 65,536 இடங்களுக்கு வெளியே இருக்கிறது. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இதற்கு 4 பைட் தேவை. மைஎஸ்கியூஎல்லில் ‘யுடிஎஃப்8’ என்ற பெயரில் இருந்ததோ 3 பைட் வரை மட்டுமே ஏற்கும் அரைகுறைக் குறியாக்கம். முழுமையான ‘யுடிஎஃப்8எம்பி4’ 2010-இல், 5.5.3 பதிப்பில்தான் சேர்ந்தது. எங்கள் அட்டவணை பழைய ‘யுடிஎஃப்8’-இல் இருந்தது. தவறான தரவை மறுக்கும் கண்டிப்பு முறையும் அணைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் மைஎஸ்கியூஎல், தனக்குப் பிடிபடாத எழுத்து வந்த இடத்தோடு சொல்லை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிந்துவிட்டு நகர்ந்துவிடும். பெயரின் முதல் எழுத்தே அதுவாக இருந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை. தேடியபோது இப்படிப் பெயர் இழந்தவர்கள் இன்னும் பலர் கிடைத்தார்கள். கையால் எழுதி வந்த பழைய ஆர்டர் அட்டைகளைக் கிடங்கிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பெயராகத் திரும்ப ஏற்றினோம்.

அட்டவணையை ‘யுடிஎஃப்8எம்பி4’-க்கு மாற்றுவது சில நாள் வேலையாக முடிந்தது. 255 எழுத்து நீளமுள்ள புலங்களில், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் உடைந்தது. அப்போது இன்டெக்ஸுக்கு 767 பைட் உச்சவரம்பு. எழுத்துக்கு 3 பைட் என்றால் 765-இல் அடங்கும், 4 பைட் என்றால் 1,020 ஆகிவிடும். அதனால் 191 எழுத்தாகக் குறைக்க வேண்டியிருந்தது. 5.7-இல் இயல்பு வரம்பு 3,072 பைட்டாக உயர்ந்தபின் அந்தத் தொல்லை இல்லை. கண்டிப்பு முறையும் 5.7-இலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. தவறான எழுத்து வந்தால் வெட்டாமல் பிழை என்று நிறுத்திவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே 5.7-ஐ மனமாரப் பாராட்டுவேன்.

இனி, இரண்டு சொற்கள் ஒன்றா வேறா என்று தீர்மானிக்கும் ஒப்பீட்டு விதிக்கு வருகிறேன். கொலேஷன் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். ஜப்பானிய நிரலர்கள் இதன் விபரீதங்களுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘சுஷி பீர் பிரச்சினை’ ஒன்று. பழைய ‘ஜெனரல்_சிஐ’ விதியில் 4 பைட் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எடைதான். அதனால் சுஷி எமோஜிப் படமும் பீர் எமோஜிப் படமும் சமம் என்று தேடல் சொல்லும். படங்கள் போகட்டும், மண் யோஷியும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறது. 2010-இல் அரசின் பொதுப் பயன்பாட்டுக் காஞ்சிப் பட்டியல் (காஞ்சி என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்து) 2,136 எழுத்துகளாகத் திருத்தப்பட்டபோது, ‘கண்டித்தல்’ என்று பொருள்படும் எழுத்தின் 4 பைட் வடிவம் அதில் இடம்பெற்றது. அதுவும் மண் யோஷியும் இந்த விதிக்கு ஒன்றே.

இன்னொன்று ‘ஹஹா பாப்பா பிரச்சினை’. ஹஹா என்றால் அம்மா, பாப்பா என்றால் அப்பா. கதகானா என்ற ஒலியெழுத்து வரிசையில் ‘ஹா’ எழுத்தின் தோளில் ஒரு சிறு வட்டம் போட்டால் ‘பா’; இரண்டு சிறு கோடுகள் போட்டால் மெல்லொலியான ‘பா’. 8.0-இல் இயல்பாக வரும் ‘0900_ஏஐ_சிஐ’ விதி, சுஷியையும் பீரையும் பிரித்துவிட்டது. ஆனால் இந்த வட்டத்தையும் கோடுகளையும் பிரெஞ்சு எழுத்தின் மேலுள்ள அழுத்தக்குறி போலக் கருதி ஒதுக்கிவிடுகிறது. அம்மாவும் அப்பாவும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

முதலில் இது எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘காகம்’ என்ற சொல்லில் ஒரே ககரத்தை இரண்டு ஒலியில் படித்து வளர்ந்தவன் நான். வல்லொலியும் மெல்லொலியும் ஓர் எழுத்துக்குள் அடங்குவது நமக்குப் பழக்கம். ஜப்பானியருக்கு அப்படி இல்லை. நகாஜிமா, நகாஷிமா இரண்டுக்கும் காஞ்சி எழுத்து ஒன்றே. படிப்பதில்தான் வேறுபாடு, அந்த வேறுபாடு முழுவதும் அந்த இரண்டு சிறு கோடுகளில் இருக்கிறது. யமசாகி, யமஸாக்கி என்று தமிழில் நான் எப்படி எழுதினாலும் தெளிவாகாத அந்த ‘ச’வுக்கும் இதே கதைதான். தங்கள் பெயரை மாற்றிப் படித்தால் எதிர்முனையில் இருப்பவர் பணிவாகத் திருத்துவார், ஆனால் திருத்துவார். அந்த இரண்டு குடும்பங்களையும் ஒன்றென்று சொல்லும் தேடல், எங்கள் தொலைபேசிப் பணியாளர்களுக்கு நாள் முழுவதும் தவறான வாடிக்கையாளரை எடுத்துக் காட்டியது.

2019-இல் 8.0-க்கு மாறியபோது தரவை ஏற்றும் வேலை பாதியில் நின்றது. வணிக வாடிக்கையாளர்களின் தொழில்வகை அட்டவணையில் கானா என்ற ஒலியெழுத்திலான படிப்பு, அதாவது உச்சரிப்பு, ஒருமுறைதான் வரலாம் என்று வைத்திருந்தோம். ‘ப்யோயின்’ என்றால் மருத்துவமனை. ‘பியோயின்’ என்றால் அழகு நிலையம். முதலாவதில் ‘யோ’ சிறிய எழுத்து, இரண்டாவதில் பெரியது. பழைய விதிக்கு அவை வேறு வேறு. புதிய விதி இரண்டும் ஒன்றே என்று இரண்டாவதை ஏற்க மறுத்தது. நல்ல வேளையாகப் பிழை வெளிப்படையாக வந்தது. இதே குழப்பம் ஒரு தேடலில் ஒளிந்திருந்தால் எத்தனை மாதம் கழித்துக் கண்டுபிடித்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் கவலையாக இருக்கிறது.

எங்கள் இன்றைய ஏற்பாடு இது. காஞ்சிப் பெயர்ப் புலத்துக்கு ‘பின்’ விதி: பைட்டுக்குப் பைட் ஒத்தால்தான் சமம். கானாப் படிப்புக்கு 8.0-இல் வந்த ‘ஜேஏ_0900_ஏஎஸ்_சிஎஸ்’: கானாவின் இரு வகைகளான ஹிராகானாவில் தட்டினாலும் கதகானாவில் தட்டினாலும் ஆளைக் கண்டுபிடிக்கும், ஆனால் கோடுகளையும் வட்டத்தையும் சிறிய யோவையும் மதிக்கும். ஹிராகானாவையும் கதகானாவையும் கூடப் பிரிக்க வேண்டியவர்களுக்கு இறுதியில் ‘கேஎஸ்’ சேர்ந்த விதி இருக்கிறது. வரிசைப்படுத்துவதும் இந்தக் கானாப் புலத்தை வைத்தே. காஞ்சியைப் பார்த்து எந்த இயந்திரமும் ஒரு பெயரின் உச்சரிப்பைச் சொல்லிவிட முடியாது. புதிய அட்டவணை ஒவ்வொன்றிலும் விதியைக் கையால் எழுதுகிறோம். இல்லாவிட்டால் பழைய அட்டவணையோடு இணைக்கும்போது விதிகள் ஒத்துவரவில்லை என்று பிழை வரும்.

தேடலுக்காகப் பெயரின் இன்னொரு பிரதியைச் சீராக்கி வைக்கிறோம். அரை அகலக் கதகானாவை முழு அகலமாக்குகிறோம், பெயரின் நடுவிலுள்ள முழு அகல வெற்றிடத்தை நீக்குகிறோம். மைஎஸ்கியூஎல்லின் ‘டிரிம்’ சாதாரண வெற்றிடத்தைத்தான் இயல்பாக அறியும், அதனால் இதை நிரலில் செய்ய வேண்டியிருக்கிறது. மேக் கணினியிலிருந்து வரும் கோப்புப் பெயர்களில் ‘கா’வும் அதன் இரண்டு கோடுகளும் தனித்தனிக் குறிகளாகப் பிரிந்து வருவதும் உண்டு. ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியோடும், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் யுனிகோடில் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதை அறிந்த தமிழருக்கு இது புதிதல்ல. ஆனால் மூலப் பெயரில் சீராக்கத்தை ஒருபோதும் ஓட்டாதீர்கள். யுனிகோட் சீராக்கம் சில பழைய காஞ்சி வடிவங்களைச் சத்தமில்லாமல் புதிய வடிவமாக மாற்றிவிடும். பாட்டனார் எழுதிய வடிவத்தை விடாமல் காக்கும் குடும்பத்துக்கு அது பெயர் பறிப்பு.

வடிவ நுணுக்கம் இன்னும் ஆழமாகப் போகிறது. தோக்கியோவின் கட்சுஷிகா வட்டாரமும் நாரா மாவட்டத்தின் கட்சுராகி நகரமும் ஒரே ‘கட்சு’ எழுத்தின் இரு வேறு வடிவங்களைத் தங்கள் அதிகாரப்பூர்வ வடிவமாகக் கொண்டிருக்கின்றன. யுனிகோடில் இரண்டுக்கும் ஒரே எண். வேறுபடுத்த, பின்னால் கண்ணுக்குத் தெரியாத வடிவத் தேர்வுக் குறி ஒன்றைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் மைஎஸ்கியூஎல் அதை இரண்டு எழுத்தாக எண்ணும். புல நீளத்தை நெருக்கி வைத்தவர்கள் கவனிக்க.

முழுவுரைத் தேடலில் எனக்கு அரைத் திருப்திதான். ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. 5.7-இல் வந்த என்-கிராம் பகுப்பான் எழுத்துகளை இரண்டிரண்டாக நறுக்கி இன்டெக்ஸில் வைக்கிறது. ‘தோக்கியோ மாநகரம்’ மூன்று காஞ்சி எழுத்து. அதன் கடைசி இரண்டும் அப்படியே ‘கியோட்டோ’. ஆகவே கியோட்டோத் தேயிலையைத் தேடுபவருக்குத் தோக்கியோக் கடைகளும் வரும். சொல்லிலக்கணம் அறிந்து பிரிக்கும் மெக்காப் பகுப்பான் இதைத் தவிர்க்கும், ஆனால் அகராதியில் இல்லாத ஊறுகாய்ப் பெயர்களில் தடுமாறியது. தேயிலையைக் குறிக்கும் ‘சா’ ஒற்றை எழுத்து. இரண்டெழுத்து இன்டெக்ஸில் அதை மட்டும் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தேயிலை விற்கும் கடையில் தேயிலை கிடைக்கவில்லை என்று வந்த முதல் புகாரை மறக்க முடியாது. பொருள் பட்டியல் சிறியது என்பதால் ஒற்றை எழுத்துக்கு, இன்டெக்ஸ் இல்லாமல் நேராகத் தேடும் ‘லைக்’ தேடல் வைத்துச் சமாளிக்கிறோம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளை 2021 முதல் அறிக்கைகளுக்குப் பயன்படுத்துகிறேன். 3 பைட் பொறி அதில் இல்லை. இயல்பு விதியில் ஹஹாவும் பாப்பாவும் ஒருபோதும் சமமாவதில்லை. இன்று புதிதாகத் தொடங்குவதென்றால் அதைத்தான் எடுப்பேன்.

உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வாசலில் இடறுகிறது. கூரியர் நிறுவனத்துக்குப் போகும் கோப்பு இன்றும் ஷிப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறியாக்கக் குடும்பத்தின் சிபி932-இல்தான். இந்தக் குடும்பத்தில் ‘பத்து’ என்ற காஞ்சி, ‘விண்ணப்பம்’ என்பதன் முதல் எழுத்து, ‘சாஃப்ட்’ என்று எழுதத் தேவையான ‘ஸோ’ போன்றவற்றின் இரண்டாம் பைட், பின்சாய்வுக்கோட்டின் எண்ணாகவே இருக்கும். பழைய நிரல்கள் அங்கே தடுக்கி விழுந்ததால் ‘தாமெ மோஜி’, ஆகாத எழுத்துகள், என்று பெயர் வந்தது. அலைக்கோடு இன்னொரு வம்பு. நேரத்தைப் ‘10 முதல் 17 வரை’ என்று குறிக்கும் அந்தக் கோட்டை அதே குடும்பத்தின் ‘எஸ்ஜிஸ்’ ஒரு யுனிகோட் எண்ணாகவும் ‘சிபி932’ வேறொரு எண்ணாகவும் மாற்றும். ஒன்றால் உள்ளே வந்து மற்றொன்றால் வெளியே போனால் கேள்விக்குறி. ஏணி போன்ற நடுப்பகுதி கொண்ட ‘தகா’ சிபி932-இல் இருக்கிறது, மண் யோஷி இல்லை. எனவே அச்சுக்கென்று தனிப் புலம் வைத்து, வாடிக்கையாளரிடம் கேட்டு மாற்றெழுத்தை அதில் இடுகிறோம்.

2025 மே 26 முதல் குடும்பப் பதிவேட்டில் பெயரின் கானாப் படிப்பும் சட்டப்படி பதிவாகிறது. அதையொட்டி, எங்களிடம் இருக்கும் படிப்பைத் திருத்தச் சொல்லி அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் வாங்கித் திருத்துகிறோம்.

8.0-க்கான ஆதரவின் கடைசி மாதம் 2026 ஏப்ரல். 8.4-க்கு மாறத் திட்டமிடுபவர்கள் ஒரு சிறிய சோதனை அட்டவணையை முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள். எங்களுடையதில் ஹஹா, பாப்பா, மருத்துவமனை, அழகு நிலையம், இரண்டு கட்சு, ஏணித் தகா, அலைக்கோடு எல்லாம் இருக்கின்றன. பதிப்பு மாறும்போதெல்லாம் உள்ளே செலுத்தி, தேடி, கூரியர் கோப்பாக வெளியே எடுத்து, முகவரிச் சீட்டில் அச்சிட்டுக் கண்ணால் பார்க்கிறோம். முதல் பதிவு மண் யோஷியில் தொடங்கும் யோஷிடா.