வத்தல்மலையில் கூடாரம்: ஐப்பசியா, தையா?

பத்துப் பேர் போவதென்றால் தைதான் தோது. ஐப்பசியில் தர்மபுரி மலைகள் பச்சைப்பசேலென்று கண்ணை நிறைக்கும், உண்மைதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் நனைந்த செம்மண்ணில் கூடார முளை நிற்காது. நீளமான முளையைச் சாய்வாக அடித்து, மேலே கனத்த கல்லை வைக்க வேண்டும். ஓடையோரம் கூடவே கூடாது.

தையில் தொல்லை பனிதான். வாசலை முழுக்க மூடினால் மூச்சின் ஈரம் உள்துணியில் கோத்துச் சொட்டும்; மேலே கொஞ்சம் திறந்தே வையுங்கள். ஓடையை நம்பாமல் ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் எடுங்கள். சருகு காய்ந்து கிடக்கும், கேம்ப் ஃபயர் வேண்டவே வேண்டாம். கேஸ் அடுப்பு, அதுவும் வெறும் பாறைமேல்.

எந்த மாதமானாலும் அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் இரவு தங்காதீர்கள். பட்டா நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.