குளுக்கோஸா, கிளிசராலா? ஒளிரும் பாக்டீரியாவுக்கு எது தீனி

நன்றாகத் தின்று பெருகினால் நன்றாக ஒளிரும் என்றுதான் யாரும் நினைப்போம். பாதி உண்மை. செல்கள் நெருக்கமாகச் சேர்ந்து, அவை வெளியிடும் சமிக்ஞை மூலக்கூறு போதிய அளவு தேங்கிய பிறகுதான் ஒளி பிடிக்கும். அதனால் வளர்ச்சி வேண்டும். ஆனால் எதைத் தின்று வளர்ந்தது என்பதில்தான் சிக்கல்.

குளுக்கோஸ் கொடுத்தால் செல்கள் வேகமாகப் பெருகி, குடுவை சீக்கிரம் கலங்கிவிடும். ஒளியோ பின்தங்கும். விப்ரியோ ஹார்வி என்ற ஒளிரும் கடல் பாக்டீரியாவில் இதற்குக் காரணத்தை நீல்சன், எபர்ஹார்ட், ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1972-இல் காட்டினார்கள்: குளுக்கோஸ் இருக்கும்போது ஒளியை உண்டாக்கும் லூசிபெரேஸ் நொதியின் உற்பத்தி அடங்கிப்போகிறது, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி சேர்த்தால் மீள்கிறது. அதோடு, குளுக்கோஸ் புளித்து அமிலமாகி மீடியத்தின் (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசலின்) பிஎச்சையும் இறக்கிவிடும். கால்சியம் கார்பனேட் தூவி அமிலத்தைச் சமாளிக்கலாம். நொதி அடங்குவதற்கு அது மருந்தல்ல.

கிளிசராலில் இந்தத் தொல்லை குறைவு. முக்கால் பங்கு கடல்நீர், கால் பங்கு காய்ச்சி வடித்த நீர்; லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன் (பாதி செரித்த புரதம்), 3 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், 3 மில்லி கிளிசரால். பல ஆய்வகங்களில் பழகிய பழைய கலவை இது. முதல் முறை வளர்ப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பெப்டோனே இல்லாத சிக்கன மீடியம்? ஹார்வி வளரும், ஆனால் மங்கல். அதில் கொஞ்சம் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சேர்த்தால் ஒளி எகிறும். வளர்ச்சி அந்த அளவுக்கு மாறாது. இரும்புச்சத்து இன்னும் விசித்திரம். இன்னொரு ஒளிரும் பாக்டீரியாவான விப்ரியோ ஃபிஷரிக்கு இரும்பைக் குறைத்தால் வளர்ச்சி தளரும், ஒரு செல்லுக்கான ஒளியோ கூடும். ஆகவே மொத்தக் குடுவையின் ஒளியை மட்டும் அளந்துவிட்டு ‘இந்தச் சத்துதான் சிறந்தது’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். செல் எண்ணிக்கையால் வகுத்தாரா என்று கேளுங்கள்.

அப்புறம், எந்த மீடியமானாலும் காற்று வேண்டும். லூசிபெரேஸ் வினைக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. அடர்ந்த குடுவையை அசைக்காமல் வைத்திருந்தால் இருட்டில் மேல்விளிம்பு மட்டும் நீலப்பச்சையாகத் தெரியும். ஒரு சுழற்று சுழற்றினால் அடிவரை பற்றிக்கொள்ளும். மங்கலாக இருக்கிறதென்று மீடியத்தை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்.